கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

நேயர்களுக்கு வணக்கம்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்றொரு மாத்திரை கொடுக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து அது. பழக்கதோஷத்தில் மருந்துச்சீட்டில் ‘தினமும்’ என்று எழுதிவிட்டாலோ, மருந்து கொடுப்பவர் அப்படிச் சொல்லிவிட்டாலோ, வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும். உயிரே போகலாம், பல நாடுகளில் போயிருக்கிறது. இந்தத் தவறைக் கடைசி நேரத்தில் தடுக்கக்கூடியவர் மாத்திரையைக் கையில் வைத்திருக்கும் நோயாளிதான். “இதுவரை வாரம் ஒரு முறைதானே சாப்பிட்டேன்?” என்று அவர் கேட்டுவிட்டால் போதும். பல பேர் கேட்பதில்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம்.

அந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் நோயாளி காரணமில்லை. மருத்துவர்களாகிய நாங்கள் உண்டாக்கி வைத்தது அது.

மருத்துவத் தவறு என்றதும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சளிக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் முதலில் போய் நிற்கும் இடத்திலும் தீங்கு நடக்கிறது. ஆரம்ப சுகாதாரச் சேவையிலும் வெளிநோயாளர் சிகிச்சையிலும் 10 பேரில் 4 பேர் வரை ஏதோ ஒரு தீங்குக்கு ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 80 சதவீதம் வரை தவிர்க்கக்கூடியது என்றும் அது சொல்கிறது. நோயைக் கண்டறிவதில் தவறு, மருந்து எழுதுவதிலும் சாப்பிடுவதிலும் தவறு: பெரிய கேடுகள் இந்த வழியாகத்தான் வருகின்றன.

இவை ஏன் கண்ணில் படுவதில்லை? வார்டில் ஏதாவது நடந்தால் செவிலியர் பார்த்துவிடுவார். வெளிநோயாளிக்கு நடப்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். அவர் வேறு மருத்துவரைத் தேடிப் போவார். முதல் மருத்துவர், தான் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

மருத்துவர், பரிசோதனைக் கூடம், மருந்துக் கடை, சிறப்பு மருத்துவர், வீடு என எல்லா இடத்துக்கும் போய்வரும் ஒரே ஆள் நோயாளிதான். முழங்கால் வலிக்கு ஒருவர் டைக்ளோஃபெனாக் எழுதியிருப்பார். முதுகு வலிக்கு இன்னொருவர் அதையே வேறு வணிகப் பெயரில் எழுதியிருப்பார். இரண்டு அட்டை, இரண்டு நிறம், உள்ளே இருப்பது ஒரே மருந்து. அளவு இரட்டிப்பாகி வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம். சாப்பிடும் மருந்துகளை எல்லாம் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டச் சொன்னால், இந்த இரட்டிப்பு சில நிமிடங்களில் வெளிவந்துவிடும். எத்தனை கணினிப் பதிவு இருந்தாலும் அந்தப் பைக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

பரிசோதனை முடிவிலும் இதே கதைதான். “கூப்பிடவில்லையா, அப்படியானால் எல்லாம் சரி” என்று நோயாளி நினைப்பார். தாள் யார் மேசையில் கிடக்கிறதோ! முடிவு எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதைப் பரிசோதனைக்கு அனுப்பும்போதே சொல்லி அனுப்புவது எங்கள் வேலை.

“புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் கேள்வியையே மாற்றச் சொல்கிறேன்: “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டில் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்.” இதில் பரீட்சை மருத்துவருக்குத்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். காய்ச்சலில் துவண்டு கிடப்பவரிடமும், எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும், காது மந்தமான முதியவரிடமும் பாதுகாப்புப் பொறுப்பைத் தள்ளிவிடக் கூடாது. தவறு நடந்த பிறகு “நீங்கள் கேட்டிருக்கலாமே” என்பது அநியாயம். கேட்பது அவர் உரிமை. அவர் கேட்காவிட்டாலும் தவறு நேராமல் பார்த்துக்கொள்வது எங்கள் கடமை.

தங்கள் மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்க மக்களுக்கு உரிமை உண்டு என்று 1978இல், ஆரம்ப சுகாதாரச் சேவை பற்றிய சர்வதேச மாநாட்டில் வெளியான அல்மா-ஆட்டா பிரகடனமே சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 17இல் வரும் உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு, 2023இல் நோயாளிகளின் பங்கேற்பையே கருப்பொருளாக வைத்தார்கள். பல இடங்களில் அது சுவரொட்டியோடு நின்றுவிட்டது. பங்கேற்பு என்றால், தவறுகளை ஆராயும் கூட்டத்தில் நோயாளிகளுக்கு நாற்காலி வேண்டும். ஒரு நாற்காலி போதாது. வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்தவர் வாய் திறக்கமாட்டார். இரண்டு மூன்று பேராவது வேண்டும். தாள்களை முன்கூட்டியே, புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும்.

புகார்ப் பெட்டியைப் பூட்டி மாட்டிவைப்பதோடு விடக் கூடாது. எழுதிப் போட்டவருக்குப் பதில் போக வேண்டும்: இதைச் சரிசெய்தோம், இதை இந்தக் காரணத்தால் செய்ய முடியவில்லை என்று. முடியாது என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. பதிலே வராத இடத்தில் யாரும் மறுபடி எழுதமாட்டார்கள்.

நன்றி. வணக்கம்.