மாமனாரின் டெபாசிட்டும் மருமகளின் கேள்வியும்: 2026 எப்படி இருக்கும்?

வணக்கம். மும்பை முலுண்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியைச் சுருக்கிப் படிக்கிறேன். "பணவீக்கம் ஒரு சதவீதம்கூட இல்லை, பொருளாதாரம் எட்டு சதவீதத்துக்கு மேல் வளர்கிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் அடையாளமே இல்லை. கணவர் வீட்டுக் கடன் கட்டுகிறார். மாமனார் வங்கி டெபாசிட் வட்டியில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். 2026 எங்களுக்கு எப்படி இருக்கும்?"

அம்மா, செய்தியில் வந்த இரண்டு கணக்குமே சரிதான். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், நவம்பரில் 0.71. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வளர்ச்சி 8.2 சதவீதம். ஆனால் சதவீதத்தை வைத்துக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு முருங்கைக்காய்கூட வாங்க முடியாது. ரூபாயாக மாற்றிப் பார்ப்போம்.

2023 அக்டோபரில் ஒரு பை காய்கறி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அக்டோபரில் காய்கறி விலை 42 சதவீதம் ஏறியது. பை 142 ரூபாய். அதற்கடுத்த அக்டோபரில் 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. பை 103 ரூபாய். அதாவது ஏறிய விலை இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது. அந்த இறக்கம்தான் மொத்தப் பணவீக்கத்தையும் கீழே இழுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டி குறைந்ததும் கொஞ்சம் கைகொடுத்தது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இதில் இறங்கவில்லை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள்.

2026 அக்டோபரில் அதே பை 120 ரூபாய்க்கு வந்தால் என்ன ஆகும்? 2024-ஐவிட மலிவுதான். ஆனாலும் "காய்கறி விலை 16 சதவீதம் உயர்வு" என்று தலைப்புச் செய்தி வரும். அப்போது பதற வேண்டாம்.

இதை ஒட்டி 2025-ல் ஒரு பெரிய கொள்கை விவாதம் எழுந்தது. பணவீக்கத்தை 4 சதவீதத்தில், மேலும் கீழும் 2 சதவீதம் விட்டுக்கொடுத்து, வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்கு அரசு தந்திருக்கும் இலக்கு. அதன் தவணை 2026 மார்ச் 31 வரை என்று வைத்திருந்தார்கள். உணவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மழை பொய்த்தால் வட்டியை ஏற்றித் தக்காளியை விளைவிக்க முடியுமா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. 2025 வரை இருந்த விலைவாசிக் குறியீட்டில் உணவின் பங்கு ஏறக்குறைய 46 சதவீதம். குடும்பச் செலவில் பாதியைக் கழித்துவிட்டு எந்த விலைவாசியைக் காக்கப் போகிறார்கள்? 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய குறியீடு வந்தது. அதையும் பார்த்துவிட்டு இலக்கைத் தொடட்டும்.

இப்போது வட்டிக்கு வருகிறேன். உங்கள் வீட்டு விஷயம் இதுதான். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 6.50-லிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. கடைசிக் குறைப்பு டிசம்பர் 5-ஆம் தேதி. எல்லாரும் கைதட்டினார்கள். உங்கள் வீட்டில் அது மாமனாரின் சட்டைப்பையிலிருந்து எடுத்து மகனின் சட்டைப்பையில் போட்ட காரியம்.

மகனின் பையை முதலில் பார்ப்போம். 50 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். வட்டி 7.25 ஆனால் சுமார் 39,500. தவணையைக் குறைக்காமல் பழையபடியே கட்டினால் ஏறக்குறைய 42 தவணை மிச்சம். மூன்றரை ஆண்டு! ஆனால் இது தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். போன மாதம் பக்கத்துக் கட்டடத்துக்காரர் ஒருவர் தம் கடன் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். 2017-ல் வாங்கிய கடன். ரெப்போவோடு இணைந்த வட்டி 2019 அக்டோபரில் வந்துவிட்டது. இவர் கடன் இன்னும் பழைய முறையிலேயே கிடக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்று வங்கியில் யாரும் சொல்லவில்லை. முப்பது ஆண்டு கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட்காதவருக்கு நாங்களும் சொன்னதில்லை. உங்கள் கணவரிடம் கடன் எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாமனாரின் பை வேறு கதை. பழைய டெபாசிட் முதிரும்வரை பழைய வட்டிதான் வரும். அதனால் 2025-ல் அவருக்கு வலி தெரிந்திருக்காது. புதுப்பிக்கும்போதுதான் தெரியும், அது 2026-ல். 20 லட்சம் ரூபாயை 7.25-லிருந்து 6.5 சதவீதத்துக்கு மாற்றிப் போட்டால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் குறையும். மாதம் 1,250 ரூபாய். பல வீடுகளில் அது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைக் காசு.

நாட்டின் நிலைக்கும் இதே ரூபாய்க் கணக்குதான். 8.2 சதவீதம் என்பது விலை மாற்றத்தைக் கழித்த வளர்ச்சி. கழிக்காமல் பார்த்தால் 8.7. அரசு பட்ஜெட் போட்டபோது எதிர்பார்த்தது 10.1. வரி ரூபாயில்தானே வசூலாகிறது? விலை ஏறாத ஆண்டில் கடைக்காரரின் விற்பனைத் தொகை அவ்வளவாக ஏறாது, அரசின் வரியும் அவ்வளவாக ஏறாது. போதாததற்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை, ஜிஎஸ்டியும் குறைப்பு. மத்திய அரசு ஊழியர் சம்பளத்தை மாற்றியமைக்க எட்டாவது ஊதியக் குழுவும் அமைத்தாகிவிட்டது. 2026-27 நிதியாண்டு முதல் நாட்டின் மொத்த உற்பத்தியில் மத்திய அரசின் கடன் எவ்வளவு என்பதையே அளவுகோலாக வைத்து, 2031 மார்ச்சுக்குள் அதை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவதாக அரசு சொல்லியிருக்கிறது. பகுக்கும் எண்ணான மொத்த உற்பத்தி ரூபாய்க் கணக்கில் மெதுவாக வளர்ந்தால் விகிதம் எப்படி இறங்கும்? பட்ஜெட்டில் நான் முதலில் தேடுவது இதைத்தான். புதுச் சலுகைகளை ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

டாலர் 90 ரூபாயைத் தாண்டியதையும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள்மீது போட்ட 50 சதவீத வரியையும் பலர் கேட்கிறார்கள். தாராவியில் தோல் பை தைப்பவருக்கு அது அப்போது பெரிய கவலை. அதற்குத் தனியாக ஒரு காணொளி போடுகிறேன்.

சகோதரி, மாமனாரின் டெபாசிட் ரசீதில் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். பாதித் தொகையாவது அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போகட்டும். 60 வயது முடிந்தவர் 30 லட்சம் வரை போடலாம், 2025-ல் வட்டி 8.2 சதவீதமாக இருந்தது, அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். புதிதாகச் சேர்பவர்களுக்கான வட்டியை அரசு காலாண்டுதோறும் மாற்றக்கூடும். சேர்ந்தவருக்கு ஐந்தாண்டுக்கு மாறாது. ஆதார், பான் அட்டையோடு அவரையே அழைத்துப் போங்கள், கையெழுத்து நிறைய இருக்கும். அடுத்த கேள்வி சயானிலிருந்து வந்திருக்கிறது.