உயரம் தரும் மின்சாரம்

வணக்கம் நேயர்களே. மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆற்று வழியே நீர் பெருகிப் போவதைக் காண்பவர்கள், இவ்வளவு நீரையும் கொண்டு மின்சாரம் எடுக்கக்கூடாதா என்று கேட்பதுண்டு. அது மிக நியாயமான கேள்வி.

நீரிலிருந்து கிடைக்கும் மின்வலுவை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: ஒரு செக்கனில் பாயும் நீரின் அளவும், அது இறங்கும் உயரமும். ஒரு கன மீற்றர் நீர், அதாவது 1,000 லீற்றர், 100 மீற்றர் உயரம் இறங்கினால், இழப்புகள் போக ஏறத்தாழக் கால் அலகு மின்சாரம் கிடைக்கும். அதே நீர் இரணைமடுவில் குளம் நிரம்பியிருக்கும்போதுகூடப் பத்து மீற்றர் அளவே இறங்க முடியும் என்பதால், ஓர் அலகில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கையே தரும். வன்னியின் சமநிலம் நெல்லுக்கு வாய்த்தது. நீர்மின்னுக்கு மலை வேண்டும்.

மகாவலியை மறித்து 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். பொறியியலாளர்கள் அதனோடும் நின்றுவிடவில்லை. மலையைக் குடைந்து ஐந்து கிலோமீற்றருக்கு மேல் நீண்ட சுரங்கம் அமைத்து, ஆறு கீழே தாழ்ந்து ஓடும் இடத்தில் மின்நிலையத்தைக் கட்டியதால், நீர் இறங்கும் உயரம் 190 மீற்றர் அளவாயிற்று. அங்கே தலா 70 மெகாவாற்று வலுவுள்ள மூன்று இயந்திரங்கள் உள்ளன.

அழுத்தத்தோடு வரும் நீர் சுழலியின் இறக்கைகளைத் தள்ளுகிறது. சுழலியின் தண்டோடு மின்பிறப்பாக்கியின் மின்காந்தங்களும் சுழல்கின்றன. சுற்றிலும் அசையாது நிற்கும் செப்புச் சுருள்களில், மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. எடுத்துக்காட்டாக, இருபது காந்த முனைகளைக் கொண்ட பிறப்பாக்கி நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால், நமது வீடுகளுக்கு வரும் 50 ஹேற்ஸ் மீடிறன் கிடைக்கும்.

இதில் நான் பெரிதும் வியப்பது மாலை வேளையில் நிகழ்வதையே. நாடெங்கும் விளக்குகள் எரியத் தொடங்கியதும், சுருள்களில் கூடும் மின்னோட்டம் காந்தங்களின் சுழற்சியை எதிர்க்கிறது. வேகம் இம்மியளவு குறைந்தாலும் ஆளுகைக் கருவி அதை உணர்ந்து, நீர் நுழையும் தகடுகளை அகலத் திறந்துவிடுகிறது. நிலக்கரி நிலையத்தால் இத்துணை விரைவாக ஈடுகொடுக்க இயலாது.

பின்னர் நிலைமாற்றிகள் வோல்ற்றளவை உயர்த்துகின்றன. அதனால் அதே வலுவைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்ப முடிகிறது. மின்னோட்டம் பாதியானால் கம்பிகளில் வெப்பமாகும் இழப்பு காற்பங்காகும். அனுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியே சுன்னாகம் வரை செல்லும் கம்பிகளில், எல்லா நிலையங்களின் மின்சாரமும் கலந்தே வருகிறது.

சுழலியைச் சுழற்றிய நீரில் ஒரு துளியும் குறைவதில்லை. விக்டோரியாவை விட்டு இறங்கும் அந்நீர், ரந்தெனிகலையிலும் ரந்தம்பையிலும் மீண்டும் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, மினிப்பே அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. நன்றி, வணக்கம்.