குளக்கட்டில நிக்கிற பிள்ளையள்

வணக்கம். நான் மல்லாவிப் பக்கம் போன் திருத்திற கடை வச்சிருக்கிறன், வேகமான இன்டர்நெட்டுக்கு இலங்கையின்ர வடக்கில இருக்கிற எங்கட வன்னியில எவ்வளவு தேவை இருக்கெண்டு கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டவை, அதைத்தான் கதைக்கப் போறன்.

2020 மார்ச்சில பள்ளிக்கூடமெல்லாம் பூட்டினவை தானே, பிறகு பாடம் வட்ஸ்அப்பிலயும் சூமிலயும் வந்தது. மகள் அப்ப ஏழாம் ஆண்டு. எங்கட வீட்டுக்குள்ள போனில சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், அதுவும் போய் வரும். பின்னேரம் சிக்னல் தேடிக் குளக்கட்டில ஏறுவாள், அங்க ஏற்கனவே ஏழெட்டுப் பிள்ளையள் நிக்கும், கொப்பியில எழுதின விடையைப் படமெடுத்து அனுப்பிப்போட்டு, அந்த வட்டம் சுத்தி முடியுமட்டும் கையை உயத்திப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள், மழை தூறினா போனைச் சொப்பிங் பைக்குள்ள சுத்துவாள். மூண்டு படம் போகச் சில நாள் அரை மணித்தியாலம்.

போன் கொம்பனிக்காரரிட்டக் கேட்டா, இஞ்ச ஆக்களும் குறைவு பாவனையும் குறைவு, டவர் போட்டாக் கட்டாது எண்டினம். கவரேஜ் இல்லாத இடத்தில ஆர் காசு குடுத்து டேட்டா போடுவினம்? பாவிச்ச கணக்கை வச்சுத் தேவையை அளந்தா எங்கட ஊர் எண்டைக்கும் சைபர்தான். என்ர கடையில வந்து இருந்து பாருங்கோ, கனடாவில பிறந்த பேரப்பிள்ளையின்ர முகத்தை ஒருக்கா நிண்டு நிதானமாப் பாக்க ஆசைப்படுற அம்மம்மாமார், கம்பஸ் பெடியள், ஒவ்வொருத்தற்ர கையிலயும் ரெண்டு மூண்டு சிம், எந்த மூலையில எது எடுக்குமெண்டு அவைக்கு மனப்பாடம்.

4ஜி இலங்கைக்கு 2013லயே வந்திட்டுது. ஆனா 4ஜி எண்டு காட்டினாப்போல வேகம் வராது, ஒரு டவரின்ர வேகத்தை அதில தொடுத்திருக்கிற எல்லாரும் பங்கு போடுறம், அதாலதான் இரவில சனம் எல்லாம் ஒரேயடியா எடுக்கேக்க இழுக்குது. டவர் விடுற அலையில 900 மெகாஹேர்ட்ஸ் அலை 1800 மெகாஹேர்ட்ஸ் அலையை விடத் தூரம் போகும், எங்கட காடு கரம்பைக்கு அது நல்லம், ஆனா தூரம் மட்டும் காணாது, டவருக்குப் பின்னால ஃபைபர் எண்ட வேகமான கேபிள் வரவேணும், யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டில இருந்து உள்ளுக்குப் போகப் போக அதுதான் கஷ்டம்.

2025 ஜூலையில ஸ்டார்லிங்கும் தொடங்கிட்டுது, 500 கிலோமீட்டர் அளவு உயரத்தில சுத்துற சற்றலைட்டில இருந்து நேர இன்டர்நெட் வரும், வானம் மறைக்காம இருந்தாச் சரி. தோட்டம் செய்யிற குடும்பம் தனிய வாங்கிற விலையில்லை. வாசிகசாலையில ஒண்டு பொருத்தினா எத்தினை பிள்ளையள் கதிரையில இருந்து படிக்கும்!

டவர் எங்க போடுறதெண்டு பாக்க வாறவை சிம் கணக்கை ஒருபக்கம் வச்சிட்டு, பின்னேரம் ஆறு மணிக்கு வந்து குளக்கட்டில நிக்கிற பிள்ளையளை எண்ணுங்கோ. மகள் இப்ப ஏஎல், அதுதான் உயர்தரம், படிக்கிறாள், இண்டைக்கும் அங்கதான் நிப்பாள்.