உரத் தண்ணீர்: லிட்டருக்கு எத்தனை கிராம்?

(காட்சி: பிளாட் பால்கனி, கறிவேப்பிலைத் தொட்டி)

வணக்கம். கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் சுங்கை பூலோ நர்சரிகளுக்குக் கன்று வாங்கப் போனால், கூடவே தண்ணீரில் கரைக்கும் உரம் ஒரு பொட்டலமும் வாங்கி வருவோம். எவ்வளவு போடுவது என்று கேட்டால் "ஒரு கரண்டி போதும்" என்பார்கள். எந்தக் கரண்டி? எத்தனை லிட்டருக்கு?

(காட்சி: பொட்டலத்தில் 20-20-20)

இந்த மூன்று எண்களில் முதலாவது நைட்ரஜன். 20 என்றால் 100 கிராம் உரத்தில் 20 கிராம் நைட்ரஜன். ஆக, 1 கிராமில் 200 மில்லிகிராம். அதை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 200 பிபிஎம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதைத்தான் பிபிஎம் என்கிறோம்.

வாரம் ஒருமுறை ஊற்றும் வீட்டுத் தொட்டிக்கு 100 பிபிஎம் தாராளம் என்பேன். அதற்கு லிட்டருக்கு அரை கிராம், 5 லிட்டர் வாளிக்கு 2.5 கிராம். உங்களிடம் இருப்பது 30-10-10 உரமா? அதே வாளிக்கு 1.7 கிராம்தான். பழைய அளவையே போட்டால் வீரியம் ஒன்றரை மடங்காகிவிடும்.

அதனால் தயவுசெய்து நிறுத்துப் போடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் உரம் சீக்கிரம் கட்டி தட்டிவிடும். அப்புறம் கரண்டி அளவை நம்பவே முடியாது. தண்ணீரின் நீல நிறத்தையும் நம்ப வேண்டாம். பல உரங்களில் அது வெறும் சாயம்.

(காட்சி: ஏ, பி பாட்டில்கள்)

மிளகாய்க்கு உரத்தை ஏ, பி என்று இரண்டு திரவமாக வாங்குபவர்கள், இரண்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றாதீர்கள். ஏ-வில் உள்ள கால்சியம், பி-யில் உள்ள பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தது செடிக்குப் போய்ச் சேராது. முதலில் தண்ணீர், அதில் ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி.

(காட்சி: நுனி கருகிய இலை)

மழையில் நிற்கும் தொட்டியில் மீதி உரம் அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் உரத்தின் உப்பு அப்படியே தங்கும். இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உரம் போடுவதை நிறுத்துங்கள். அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள். உப்பும் திரும்ப மண்ணில் ஏறாது, ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது.