ஹால் இல்லாதவர்களின் ஹால்

(கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில், எங்கள் பகுதித் தமிழர்களின் ஆண்டு விழாவில் பேசியது. ஏறக்குறைய பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வேறு இரண்டு கூட்டங்களை விட்டுவிட்டு வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை டீச்சர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அண்ணனுக்குத் தனி நன்றி. டிசம்பர் மாதம், ஹால் ஹீட்டரும் வேலை செய்யவில்லை, இந்த ஒரு பொன்னாடைக்காகவாவது நான் வந்தது வீண்போகவில்லை.

'பக்கத்துத் தெரு பப்' என்று தலைப்புக் கொடுத்ததும் அறங்காவலர் ஐயா புருவத்தைத் தூக்கினார். பயப்படாதீர்கள் ஐயா, குடிக்கச் சொல்லி யாரையும் கூப்பிட வரவில்லை. நான் வாங்குவது லெமனேட்தான், அதையும் அரை பைண்ட். மூன்று விஷயம் பேசப் போகிறேன்: பப் எப்படி வீடு மாதிரி ஆகிறது, பப்களின் பெயர்களுக்குப் பின்னால் உள்ள வரலாறு, அவை ஏன் மூடப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பழமொழி. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். வீட்டில் என் மனைவி இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டார், அதனால் இனி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் வீடு. இந்தப் பகுதியில் வாடகைக்கு ரூம் எடுத்த எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்காரர் முதலில் கை வைப்பது ஹாலில்தான். ஹாலைத் தடுத்து அதையும் ஒரு ரூமாக்கி வாடகைக்கு விட்டுவிடுவார். மிச்சம் இருப்பது ஒரு சமையலறை, அதில் முறை வைத்துச் சமைக்க வேண்டும், அப்புறம் ஒரு படுக்கை. உட்கார்ந்து நாலு வார்த்தை பேச இடம் கிடையாது. நான் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் எனக்கு ஹாலாக இருந்தது தெருமுனை பப்தான். ஒரு கிளாஸ் வாங்கினால் மூன்று மணி நேரம் யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. ஊரில் திண்ணை செய்த வேலையை இங்கே அது செய்தது, கூடவே கணப்பும் இருந்தது.

சின்னச் சின்ன விஷயம்தான். கவுன்டரில் வரிசை கிடையாது, எல்லோரும் அகலவாக்கில் சாய்ந்து நிற்பார்கள், ஆனால் அடுத்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் முறைக்கு முன்னால் உங்களைக் கேட்டுவிட்டால், "இல்லை, அவர்தான் முதலில்" என்று பக்கத்து ஆளைக் காட்ட வேண்டும். இதைச் செய்த அன்றைக்குத்தான் என்னை அந்த இடத்து ஆளாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பப்பை நடத்தும் அம்மா கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறார். அதில் பிஸ்கட் இல்லை, தெருவில் பாதி வீட்டுச் சாவி இருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே மாட்டிக்கொண்ட பையன்கள், பார்சல் வாங்க ஆளில்லாதவர்கள், முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் கிழவர்கள், எல்லோருடைய சாவியும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிறத்தில் கம்பளி நூல். என்னுடையது பச்சை.

நம் ஊரில் பப் என்றதும் டாஸ்மாக் நினைவுக்கு வருகிறது, அதுதான் சிக்கல். அங்கே வாங்கு, குடி, நகரு. இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டி, பேரன், நாய் சகிதமாக வந்து வறுத்த கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை க்விஸ். நம் பையன்கள் அணி கிரிக்கெட் கேள்வியில் மட்டும் ஜெயிக்கும். வெள்ளிக்கிழமை சமையலறையை நம் அக்கா ஒருவர் எடுத்துக் கொத்து ரொட்டி போடுகிறார், தகரத்தில் அடிக்கும் சத்தம் கேட்டதும் டார்ட்ஸ் ஆடுகிறவர்கள் நிறுத்திவிட்டு வரிசைக்கு வருகிறார்கள். சரி, இங்கே மட்டும் வரிசை உண்டு.

எல்லோரோடும் சமமாகப் பப்பில் உட்காரும் இந்த உரிமை சும்மா வரவில்லை. 1960களில் பர்மிங்காம் பக்கம் ஸ்மெதிக்கில் பல பப்களில் வெள்ளையருக்கு ஓர் அறை, மற்றவர்களுக்கு வேறு அறை. வார்ப்பட்டறைத் தொழிலாளி அவ்தார் சிங் ஜௌல், இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர், 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸையே 'ப்ளூ கேட்ஸ்' என்ற பப்புக்குக் கூட்டிப் போனார். வெள்ளையர் அறையில் தர முடியாது என்றார்கள். அடுத்த ஒன்பதாவது நாள் நியூயார்க்கில் மால்கம் எக்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் வந்த இன உறவுச் சட்டம் பப்பில் அப்படி மறுப்பதைத் தடை செய்தது. இன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே பஞ்சாபிகள் நடத்தும் பப்களில் கறி கிரில் புகைகிறது. பெரியவர்கள் இழுத்த தேர் ஐயா அது, ஊர் கூடி இழுத்தது.

இப்போது ஒரு கதை. நேரம் ஆனாலும் பரவாயில்லை, தலைவர் பொறுத்துக்கொள்வார். வடமேற்கு லண்டனில் கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டேவர்ன் என்று ஒரு பப். 1920களின் தொடக்கத்தில் கட்டியது. உடைமையாளர் கம்பெனி அதை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டக் கேட்டது, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் முடியாது என்றது. ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம். கட்டடத்தைப் பாதுகாக்கச் சொல்லி மரபுச் சின்னத் துறையிடம் மனுப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்து, டைல்களுக்கு அச்செடுத்து, எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். 2015 ஏப்ரல், ஈஸ்டர் திங்கள். பப்பை நடத்திய அம்மாவிடம், சரக்குக் கணக்கெடுக்க வேண்டும், ஒரு நாள் மூடு என்றார்கள். அவரும் மூடினார். புதன்கிழமை வந்து பார்த்தால் கணக்கெடுக்க வந்திருப்பது புல்டோசர்! ஓட்டுக்கூரை போய்விட்டது, சுவர் போய்விட்டது, முன்பக்கம் ஒரு துண்டுதான் பாக்கி. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? தலையில் அடித்துக்கொண்டு, வாட்ஸாப்பில் ஒரு அழுகைப் படம் போட்டிருப்போம். அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. இடித்ததை அப்படியே, செங்கல்லுக்குச் செங்கல் திருப்பிக் கட்டு என்று கவுன்சிலைப் பிடித்தார்கள். கவுன்சில் ஆணை போட்டது, கம்பெனி அப்பீல் போனது, 2016இல் விசாரணை நடந்தது, தோற்றது. எடுத்து வைத்த அச்சுகளைக் கொண்டு டைல்களைச் செய்தார்கள். 2021 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது, அதே இடத்தில் அதே பப் திறந்தது. இடித்தவன் கையாலேயே கட்டவைத்த ஊர்! (கைதட்டலுக்கு நன்றி. கவுன்சிலர் அம்மா அதிகம் தட்டியதைக் கவனித்தேன்.)

இரண்டாவது விஷயம், பெயர் வரலாறு, அதற்கு நேரமில்லை. மூன்றாவது, பப்கள் ஏன் மூடப்படுகின்றன என்பது: வரி, வாடகை, சூப்பர்மார்க்கெட் பீர் பற்றிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். நான் நேராக என் சங்கதிக்கு வருகிறேன். என் பப்பின் கட்டடத்தை உடைமையாளர் கம்பெனி விற்கப் பார்க்கிறது. சாவி டின்னை வைத்திருக்கும் அம்மா வாடகைக்காரர்தான், அவருக்குக் கடிதம் வந்துவிட்டது.

2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. சங்கமாகப் பதிவு செய்யாத சாதாரண ஆட்கள்கூட, 21 பேர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள், சேர்ந்து மனுக் கொடுத்தால், இந்தக் கட்டடம் இந்த ஊருக்கு மதிப்புள்ளது என்று கவுன்சில் பதிவு செய்யலாம். எட்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். பதிவானால் ஐந்து வருடம் நிற்கும். அதற்குள் விற்க நினைத்தால் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கப் பார்க்கிறோம் என்று ஆறு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் விற்பனை நிற்கும். நமக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பை இந்தச் சட்டத்தை வைத்துத்தான் 2013இல் ஊர்க்காரர்கள் வாங்கினார்கள், 371 பேர் பங்கு போட்டு. ஊர் கூடித் தேர் இழுத்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்று. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையே என்று தம்பிமார் யோசிக்க வேண்டாம். விசாவோடு இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் வாக்காளராகப் பதியலாம். பதிந்தவர் கை தூக்குங்கள். இவ்வளவுதானா? பதியாதவர்கள் இன்றிரவே ஆன்லைனில் பதியுங்கள், ஐந்து நிமிட வேலை.

மனு பின்னால் வடை மேசை மேல், சட்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை ஒன்பது கையெழுத்து விழுந்திருக்கிறது. அறங்காவலர் ஐயாவுடையது பத்தாவதாக இருக்கட்டும். பட்டியலில் உள்ள விலாசத்தையே எழுதுங்கள், ஒத்துப் பார்ப்பார்கள். சட்னிக் கையோடு தொடாதீர்கள், வேறு படிவம் கையில் இல்லை.