வலிக்கும் முன்பே ஓய்வு

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற, அல்லது திரும்பத் திரும்ப வருகின்ற வலியை மருத்துவ உலகம் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது நோய் வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதில் இந்த வலிக்கென்றே தனியிடம் ஒதுக்கப்பட்டது. எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. உடல் முழுவதும் பரவிய வலி, தூங்கி எழுந்த பிறகும் நீங்காத அசதி, சில நாள்களில் ஞாபகத்தில் ஒரு மங்கல் ஆகியவை இதன் அடையாளங்கள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்த நோயை எடுத்துக் காட்டுவதில்லை. அதனால்தான், கல்யாண வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பலகாரம் செய்துகொண்டிருக்கும்போது நான் பாதியில் எழுந்தால், "ஆச்சி, உங்கள் முகத்தைப் பார்த்தால் வலி இருக்கிற மாதிரியே தெரியவில்லையே" என்று கேட்கிறார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த அன்புக்கு உரிய பதிலை இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வலியை ஆராயும் அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தி அமைத்தது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பது அந்த வரையறையோடு சேர்த்து எழுதப்பட்ட குறிப்புகளில் ஒன்று. காயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலி உண்மை என்பதில்லை. ஃபைப்ரோமயால்ஜியாவில், மூளையும் தண்டுவடமும் வலிச் செய்திகளைக் கையாளும் விதத்திலேயே கூர்மை ஏறிவிடுவதால், மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தோன்றுவது எங்களுக்கு வலியாகவே உணரப்படுகிறது. இதை வீட்டிலுள்ளவர்கள் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொண்டால், நோயாளியின் சுமையில் ஒரு பெரும்பகுதி குறைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் உழைப்புக்குத் தனி மரியாதை உண்டு. முகப்பில் தொடங்கி, வளவு என்னும் நடுமுற்றப் பகுதியைக் கடந்து, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீட்டை ஒற்றை ஆளாகப் பெருக்கித் துடைத்த ஆச்சிமார்களின் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முடியாமல் விழும்வரை வேலை செய்தார் என்பது இங்கே பாராட்டு. ஆனால் நாள்பட்ட வலி உள்ளவருக்கு இந்தப் பாராட்டைப் போலக் கெடுதல் செய்வது வேறொன்றும் இல்லை. சற்றே நலமாக இருக்கும் நாளில் தேங்கிய வேலைகள் அனைத்தையும் முடித்துவிட்டு, அடுத்து வரும் நாள்களில் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிடுவது இந்த நோயாளிகள் பலருடைய வாழ்க்கையில் காணப்படும் சுழற்சி.

இந்தச் சுழற்சியை உடைக்கும் வழியை, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலேயே விளக்கியிருக்கிறார். வலி வந்த பிறகு ஓய்வெடுக்காமல், வலி கூடும் முன்பே, கடிகாரத்தைப் பார்த்து ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு வேலையை அரை மணி நேரம் செய்தால் வலி ஏறுகிறதென்றால், இருபது நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதுவும் நல்ல நாளிலும் நிறுத்த வேண்டும். உடல் அந்த அளவுக்குப் பழகிய பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த முறைக்கு மிகுந்த மனவுறுதி தேவைப்படுகிறது, ஏனென்றால் நன்றாக இருக்கும்போது உட்காருகிற பெண்ணைச் சோம்பேறி என்று நினைக்கும் கண்கள் நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கின்றன. எங்கள் வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அடுப்படியில் காய் நறுக்குவதற்கு உயரமான முக்காலி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துக் காரணம் கேட்கும்போது நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பொழுதுபோக்கு பனையோலையால் கொட்டான் என்னும் கூடை பின்னுவது. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலையைப் பற்றி நேயர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சீர் வரிசையில் கொட்டான் இல்லாத கல்யாணம் நம் ஊர்ப் பக்கம் ஏது? குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயமேற்றி வைத்துக்கொண்டு, பின்னும்போது நீரில் நனைத்து மென்மையாக்கிக்கொள்ள வேண்டும். அன்றைய நேரத்துக்கு எவ்வளவு ஓலை போதுமோ அவ்வளவை மட்டும் நனைப்பது என் வழக்கம். நனைத்த ஓலை தீர்ந்ததும் வேலையும் நின்றுவிடுகிறது. கை இன்னும் கொஞ்சம் பின்னலாம் என்று கேட்டாலும் ஓலை இருக்காது. பின்னும் நேரத்தில் வலி பின்னுக்குப் போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. தண்டுவடத்தில் வலிச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு என்றும், மனத்தின் கவனமும் உணர்ச்சியும் அதைப் பாதிக்கின்றன என்றும் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் நுணுக்கங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டிருந்தாலும், கவனம் வலியை மாற்றும் என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள், கேட்டே நிறுத்துங்கள்.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவக் கூட்டமைப்பு வழங்கிய பரிந்துரைகள் 2016-இல் திருத்தப்பட்டபோது, எல்லாச் சிகிச்சைகளிலும் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றுதான். எனக்கு அந்தப் பயிற்சியைக் கொடுப்பவன் மணி. எங்கள் திண்ணையில் தானாகவே வந்து குடியேறிய நாட்டு நாய் அவன். வைரவன்பட்டியில் வைரவரை வணங்கும் நம்மவர்களுக்கு அவருடைய வாகனத்தை விரட்ட மனம் வருமா? விடியற்காலையில் ஊருணிக் கரைக்கு அவன் என்னை அழைத்துப் போகிறான். கரையிலுள்ள வேப்பமரம்தான் நாங்கள் திரும்பும் இடம். உடம்பு தெம்பாக இருந்தாலும் அந்த மரத்தைத் தாண்டுவதில்லை. கயிற்றைக் கையில் பிடித்தால் அவன் இழுக்கும்போது தோள் வலிக்கும் என்பதால் இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். குனிய வேண்டியதில்லாதபடி அவனுடைய சோற்றுத் தட்டைத் திண்ணையின் மேலேயே வைத்துவிடுகிறேன். குளிப்பாட்டுவது பக்கத்து வீட்டுத் தம்பியின் பொறுப்பு. ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட அழைத்துப் போவதும் அவர்தான். செல்லப் பிராணி வளர்க்க விரும்பும் வலி நோயாளிகள், தம்மால் எழ முடியாத நாளில் அதற்கு யார் சோறு வைப்பார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருங்காலத் திட்டம் என்று எடுத்துக்கொண்டால், வலி தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் நான் தள்ளி வைப்பதில்லை. சென்னையிலிருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்குப் பகலில் உட்கார்ந்தபடியே செல்லும் பல்லவன் விரைவு வண்டியைத் தவிர்த்து, இராமேசுவரத்திலிருந்து காரைக்குடி வழியாகச் செல்லும் இரவு வண்டியில் கீழ்ப்படுக்கை எடுக்கிறேன். 45 வயதைக் கடந்த பெண்களுக்கு இரயில்வேயில் அதற்கென ஒதுக்கீடு உண்டு. போய் இறங்கிய மறுநாள் முழுவதும் எந்த வேலையும் இல்லை என்று மகளுக்கு முன்பே எழுதிவிடுகிறேன். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு வேண்டியவற்றைக் கார்த்திகையிலிருந்தே நாளுக்கு ஒன்றாகச் செய்து வைத்துக்கொள்கிறேன்; அந்த நோன்பின் முக்கியச் சடங்கான இழை எடுக்கும் மாலைப் பொழுதில் நான் படுத்திருக்காமல் எல்லோரோடும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அடுத்த ஆண்டு எங்கள் வீட்டுப் பட்டாலை என்னும் கூடத்தில் கொட்டான் பின்னக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கப் போகிறேன். ஒவ்வொரு வகுப்பும் அரை மணி நேரம்தான் நடக்கும். நடுவில் எல்லோரும் எழுந்து நடப்பதற்கு இடைவேளை உண்டு. வலி இல்லாதவர்களுக்கும் அதே விதிதான். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே கற்றுக்கொள்ளலாம். ஒரு வாரம் வர இயலாமல் போனவருக்காக அந்தப் பாடத்தை மறுபடியும் சொல்லித் தருவேன். என்னால் இயலாத வாரத்தில், என்னிடம் ஏற்கெனவே பின்னக் கற்றுக்கொண்ட ஓர் அயல் வீட்டுப் பெண் வகுப்பை நடத்தித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நன்றி. வணக்கம்.