டிஆர்ஓ இருக்கும்போது போன் எடுப்பது எப்படி?

வணக்கம் நேயர்களே. லண்டனில் கடன் ஆலோசனை சொல்வது என் வேலை. போன மாதம் ஒரு தங்கச்சி வந்திருந்தார். டிஆர்ஓ என்கிற கடன் நிவாரண ஆணை கிடைத்து அவருக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்குப் போய் 24 மாத ஒப்பந்தத்தில் ஐபோன் கேட்டிருக்கிறார். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சொறி, தர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர் ஊர்க்காரர். போன் கிடைக்காததைவிட அதுதான் அவருக்கு வேதனை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2009 முதல் இந்த ஆணை நடைமுறையில் இருக்கிறது. கடன் 50,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுண்டைத் தாண்டக்கூடாது, பெரிய சொத்தும் இருக்கக்கூடாது. 90 பவுண்டு கட்டணம் இருந்தது, 2024 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆணை வந்தபின் 12 மாதம், பட்டியலில் உள்ள கடனைக் கேட்டு யாரும் நெருக்க முடியாது. அதன் பிறகு அந்தக் கடன் தள்ளுபடி.

சரி, ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்தது என்று கன பேர் நினைக்கிறார்கள். ஆணை வந்த நாளில் இருந்து ஆறு வருடம் அது உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது நீங்கள் கடன் வாங்கிக் கட்டிய வரலாற்றுப் பதிவில், நிற்கும். போன் கடையில் பார்ப்பது அதைத்தான். மாதா மாதம் கட்டி எடுக்கிற போன் கடனுக்கு வாங்கிய சாமான்தானே! ஆணை நடப்பில் இருக்கும்போது 500 பவுண்டோ அதற்கு மேலோ கடன் எடுப்பதென்றால், டிஆர்ஓ இருப்பதைக் கடன் தருபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். புது ஐபோன் ஒன்று அந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

"அண்ணாவின் பேரில் எடுத்தால் என்ன?" என்று அந்தத் தங்கச்சி கேட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் கட்ட முடியாமல் போனால் அண்ணாவின் கிரெடிட்டும் கெடும், அப்புறம் வீட்டில் சண்டை.

போனையும் சிம்மையும் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது. பழைய போன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் எந்தச் சிம்மும் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். 2021 டிசம்பருக்குப் பிறகு போன் நிறுவனங்கள் லொக் செய்த, அதாவது தங்கள் சிம் மட்டுமே வேலை செய்கிற, போன் விற்கக்கூடாது, அதற்கு முந்தியவைதான் தொல்லை. சிம்முக்கு, முன்கூட்டியே காசு கட்டும் மாதத் திட்டம் எடுங்கள். லைக்கா, கிஃப்காஃப், ஸ்மார்ட்டி போன்றவற்றில் கிரெடிட் பார்க்காமலே கிடைக்கும். 12 மாதச் சிம் ஒப்பந்தம் என்றால் பார்க்கக்கூடும், கவனம். யூனிவர்சல் கிரெடிட் என்கிற அரசு உதவிப்பணம் எடுப்பவர்கள், வருமானம் குறைந்தவர்களுக்கான சோஷியல் டாரிஃப் என்கிற மலிவுத் திட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாமாகக் கேட்டால்தான் பல இடங்களில் சொல்வார்கள்.

இப்போதுள்ள போன் பில்லில் நிலுவை இருந்து, அது டிஆர்ஓ பட்டியலில் சேர்ந்தால், நிறுவனம் இணைப்பை வெட்டலாம். வங்கியின் கோட் வருவதும் வேலைக்கு அழைப்பு வருவதும் அந்த நம்பருக்குத்தான். அதனால் முதலில் நம்பரைப் புதுச் சிம்முக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பி, ஏ, சி என்ற மூன்று எழுத்தை 65075 என்ற இலக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினால், நம்பரை மாற்றப் புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய கோட் வரும், அது 30 நாள் வரை செல்லுபடியாகும். பேனா எடுக்கப் போனவர்களுக்காக இன்னொரு தடவை: ஆறு, ஐந்து, பூச்சியம், ஏழு, ஐந்து.